உன் மகள் குடிக்க மறுத்த குளிசை

என் மர்ஜான் ராத்தாவுக்கு,

மண்ணுக்குள் இருப்பவர்களுக்கும் சலாம் சொல்லலாம் என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். ஆகவே முதலில் சலாம். அடுத்தது சண்டை. உன்னிடம் எனக்கு இந்த இரண்டையும் தவிர வேறு பழக்கம் எப்போது இருந்தது? இரண்டே வயது மூத்தவள் என்பதால் நீங்கள், நாங்கள் என்ற மரியாதையும் நம்மிடையே வளரவில்லை. இனி வளர்த்து என்ன செய்ய?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் மகள் நஸ்ரினுக்கும் மார்பில் கட்டி வந்துவிட்டது, ராத்தா. உனக்கு வந்தது போலவே. வெட்டி எடுத்தார்கள், கதிர் பாய்ச்சும் கரண்டும் பிடித்தார்கள். மிச்சமிருந்தது ஒரு குளிசை, ஒரே ஒரு மாத்திரை மட்டும்தான். தினமும் ஒன்று, பல வருடங்களுக்கு. உனக்குத் தந்த அதே குளிசை. அதைத்தான் குடிக்க மாட்டேன் என்று நின்றாள்.

குளிசைப் பெட்டியை உடைக்கவேயில்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேல், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடந்தது. நான் போகும்போதெல்லாம் அதைத்தான் முதலில் பார்ப்பேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்ப்பாள். பிறகு இரண்டு பேரும் மீன் விலையைப் பற்றிக் கதைப்போம்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“இது உம்மாவ மவுத்தாக்கின குளிசை, சாச்சி,” என்றாள். “இத நான் தொடமாட்டன். நீங்களும் தொடாதீங்க.”

உன்னைக் கொன்ற குளிசையாம். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த வாய் இது. அதிபருக்கும் அடங்காத வாய். உன் மகளுக்கு முன்னால் அடைத்துப்போனது. ஏனென்றால் அவள் சொன்னதில் பாதி உண்மை.

கட்டியைக் கண்டுபிடித்ததும் அவள்தான். உன்னைப் போல ஒளிக்கவில்லை. நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வேலிக் கடப்பைத் திறந்துகொண்டு வந்தவள், “சாச்சி, கையக் கழுவுங்க,” என்றாள். என்னடி என்று கேட்டதற்கு, “முதல்ல கழுவுங்க,” என்றாள். கழுவினேன். என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்தாள். உள்ளே பாக்கு மாதிரி ஒன்று கிடந்தது. என் கையில் மீன் நாற்றம் போகவில்லையே என்றுதான் அந்த நேரம் நினைத்தேன். மனம் எங்கெல்லாம் ஓடி ஒளிகிறது பார்.

மருமகன் றிஸ்வி அன்றைக்கே பஸாரில் கடையைப் பூட்டினான். ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தான். அவனைப் பற்றி நீ கவலைப்படாதே. நீ பார்த்து எடுத்த மாப்பிள்ளை, ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஊர் சும்மா இருக்குமா? உம்மாவுக்கும் அதே நோய், மகளுக்கும் அதே நோய் என்று கதைத்தது. கதைத்தவர்களில் ஒருத்தியை மரக்கறிக் கடையில் வைத்து நான் கிழித்த கிழியில், இப்போது அவள் என்னைக் கண்டால் அடுத்த ஒழுங்கையால் போகிறாள்.

அம்பாறையில் கிளினிக். டொக்டர் ஒரு மட்டக்களப்புப் பிள்ளை. தமிழில் கதைக்கிறவள், அதுவே எனக்குப் பாதி ஆறுதல். வெட்டி எடுத்த கட்டியைப் பரிசோதித்த முடிவு வந்தபோது எங்களை இருத்திவைத்துச் சொன்னாள்.

“டீச்சர், கட்டியில ஈஸ்ட்ரஜன் ரிசெப்டர் இருக்கு. நிறையவே இருக்கு.”

“எனக்குக் கணக்குத்தான் தெரியும், டொக்டர். இதெல்லாம் விளங்காது. விளங்கப்படுத்துங்க.”

அவள் சிரித்தாள். பள்ளிப் புத்தகத்தில் அதை ‘வாங்கி’ என்று போட்டிருப்பார்களாம். பிறகு சொன்னாள்: “ஈஸ்ட்ரஜன் எண்டது பொம்பிளையளுக்கு ரத்தத்தில ஓடித் திரியிற ஒரு ஹோர்மோன். அது சும்மா ஓடித் திரிஞ்சா ஒண்டும் நடக்காது. செல்லுக்குள்ள அதுக்கெண்டு ஆசனம் மாதிரி ஒரு கதிரை இருக்கு. அதில வந்து இருந்தாத்தான் வேலை தொடங்கும். அந்தக் கதிரைதான் ரிசெப்டர். மார்பிலயும் இருக்கு, கர்ப்பப்பையிலயும் இருக்கு, எலும்பிலயும் இருக்கு.”

அந்த ஒரு கதிரையை நம்பித்தான் ஒரு பெண்பிள்ளை பெரிய பிள்ளையாவதும், மாதாமாதம் வருவதும், பிள்ளை தங்குவதற்குக் கர்ப்பப்பைக்குள் மெத்தை போல ஒரு தோல் தடிப்பதும், வயது போனபின் எலும்பு உடையாமல் இருப்பதும் என்று அவள் ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். நானும் நஸ்ரினும் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தோம். நமக்குள்ளே இவ்வளவு நடந்திருக்கிறது, ராத்தா. நாம் இரண்டு பேரும் அறுபது வயதுவரை ஒன்றும் தெரியாமல் சோறு ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

“மார்பில கட்டி வந்தா அதே கதிரை எதிரியாகிடும்,” என்றாள் டொக்டர். “ஈஸ்ட்ரஜன் வந்து இருந்து, வளரு வளரு எண்டு சொல்லும். இந்தக் குளிசை என்ன செய்யும் தெரியுமா? முந்திப் போய் அந்தக் கதிரையில இருந்திடும். கலியாண வீட்டில மாப்பிள்ளைக்குப் போட்ட கதிரையில வேறொருத்தன் போய்க் குந்தின மாதிரி. மார்பில அது சும்மா குந்தியிருக்கும். வேலை ஒண்டும் செய்யாது, மற்றவன இருக்கவும் விடாது.”

“அப்ப நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆனா கர்ப்பப்பையிலயும் அதே கதிரை இருக்கெல்லோ. அங்க போனா இந்தக் குளிசை சும்மா குந்தாது, டீச்சர். ஈஸ்ட்ரஜன் செய்யிற வேலையைத் தானும் கொஞ்சம் செய்யும். அங்க தோல் தடிக்கும். மாதவிடாய் நிண்டுபோன சில பேருக்கு அது புற்றாகவும் மாறலாம். கன பேருக்கு வராது. வந்தாலும் ரத்தம் காட்டிக் குடுத்திடும். முதல் சொட்டைக் கண்ட உடன வந்தாங்களெண்டா அனேகமாச் சுகப்படுத்தலாம்.”

நஸ்ரினின் வயதில் அந்தப் பயம் மிகக் குறைவு என்றும் சொன்னாள். குளிசை குடிக்கும் காலத்தில் பிள்ளை தரிக்கக் கூடாது என்றும் ஏதோ சொன்னாள். நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. என் மண்டைக்குள் ‘முதல் சொட்டு’ என்ற சொல் சுற்றிக்கொண்டிருந்தது.

“இவட உம்மாக்கு நோன்புக்கு முதல் தொடங்கி ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் ரத்தம் பட்டிரிக்கி, டொக்டர்,” என்றேன்.

அவள் பேனையை மேசையில் வைத்தாள். “அவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லயில்லையா?” என்றாள்.

சொல்லு ராத்தா, ஏன் சொல்லவில்லை?

இனி நம் சண்டையைத் தொடங்குகிறேன். நீ குறுக்கே கதைக்க முடியாத முதல் சண்டை இது. அதில் எனக்கு ஒரு சந்தோசமும் இல்லை.

உனக்கு மாதாமாதம் வருவது நின்றுபோய்ப் பல வருடமாகியிருந்தது. மார்பு வெட்டி, குளிசை குடித்துக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தாய். ஒருநாள் ரத்தம் கண்டாய். பெரிய வீட்டைக் கலியாணத்தோடு மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னறையில் இருந்தவள் நீ. உன் உடுப்பை நீயே கழுவினாய். யாருக்குத் தெரியப் போகிறது? தொழுகைப் பாயை மடித்து வைத்துவிட்டாய். நம் வீடுகளில் பெண்கள் ரத்தம் என்ற சொல்லைச் சொல்லமாட்டோம், எனக்குத் தொழுகையில்லை என்போம். கேட்டவர்களும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். உன் வயதில் அதையும் சொல்ல வெட்கப்பட்டு, முழங்கால் நோவு என்று நஸ்ரினிடம் சொல்லியிருக்கிறாய். அவள் எண்ணெய் சூடாக்கித் தந்தாளாம். நீயும் காலை நீட்டிக்கொண்டு பூசக் கொடுத்தாயாம்!

நோன்பு நெருங்கியது. ரத்தம் நிற்கவில்லை. அப்போது நீ டொக்டரிடம் போயிருக்க வேண்டும். நீ போனது ஆலிமாவிடம். பெண்களுக்கு மார்க்கம் படிப்பிக்கும் அந்தப் பிள்ளையிடம், வகுப்பு முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடும் நேரம் பார்த்து, மெல்லமாய்க் கேட்டாய். அதையும் உனக்கென்று கேட்கவில்லை. “எங்கட பக்கத்துல ஒரு பொம்புள கேட்டா,” என்றாய். “ரத்தம் நிக்குதில்லயாம். அவ தொழலாமா, நோன்பு புடிக்கலாமா?”

ஆலிமா சரியான பதிலைத்தான் சொன்னாள். “பதினைஞ்சு நாளுக்கு மேல போனா அது மாசா மாசம் வாற ஹைழு இல்ல. நோயால வாற ரத்தம். சுத்தம் செஞ்சி, பஞ்சு வெச்சிக் கட்டி, ஒவ்வொரு தொழுகைக்கும் புதுசாக் கைகால் கழுவி ஒழு எடுத்துத் தொழலாம். நோன்பும் புடிக்கலாம்.” அதோடு விடவுமில்லை. “அந்தப் பொம்புளய ஒருக்கா டொக்டரிட்டக் காட்டச் சொல்லுங்க, ராத்தா,” என்றும் சொல்லியிருக்கிறாள். நீ, “ஓம், சொல்றன்,” என்றுவிட்டு வந்தாய்.

நோயால் வரும் ரத்தம். அதைக் கேட்டுவிட்டு ஒரு மனுசி சந்தோசப்பட்டு வீட்டுக்கு வருவாளா? நீ வந்தாய். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கடப்பில் நின்றுகொண்டு, “தங்கச்சி, இந்த நோன்பு முழுக்க எனக்குக் கெடைக்கும் போல,” என்றாய். முழங்கால் சுகமாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். உன் முகம் அன்று அவ்வளவு தெளிவாக இருந்தது. தொழலாமா என்ற கேள்விக்கு உனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று நீ கேட்கவேயில்லை.

குளிசையை முதன்முதலில் தந்த அன்றே, ரத்தம் பட்டால் மறுநாளே வாருங்கள் என்று நேர்ஸ் சொன்னதை நஸ்ரின் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள். நீயும் கேட்டாய். ஆனால் அது மார்புக்குக் குடிக்கும் மருந்து. மார்புக்கான மருந்துக்கும் கீழே வரும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பாய். கிளினிக்குக்குப் போன நாளிலும், ஏதும் வருத்தம் உண்டா என்று அப்போது இருந்த ஆண் டொக்டர் கேட்க, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் குளிசையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய். ஆம்பிளைக்கு முன்னால் எப்படிச் சொல்வது, வரிசையில் ஊர்ப் பெண்கள் இருக்கிறார்களே என்றிருக்கும். மடச்சி! சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதத்துக்குப் பதிலாக நானே வந்து உன் வாயைக் கிழித்திருப்பேன்.

முப்பது நோன்பும் பிடித்தாய். ஒரு தறாவீஹ் இரவுத் தொழுகையும் விடவில்லை. நாங்களெல்லாம் உன்னைப் புகழ்ந்தோம். பெருநாளுக்குப் பிறகு ஆறு நோன்பும் பிடித்தாய். ஹஜ்ஜுப் பெருநாளன்று இறைச்சி பங்கு வைக்கும் இடத்தில் மயங்கி விழுந்தபோதுதான் உன் உடுப்பைப் பார்த்தோம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். கர்ப்பப்பையில் வந்த புற்று ஈரலுக்கும் போய்விட்டது என்றார்கள்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. உன்னைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. ஆலிமாவும் இருந்தாள். உயிர் போய் மய்யித்தாகிய பிறகும் உனக்கு ரத்தம் நிற்கவில்லை, ராத்தா. பஞ்சு வைத்தோம், நனைந்தது. மறுபடியும் வைத்தோம். ஆலிமா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“டீச்சர், ராத்தாக்கு இது எப்பயிலிருந்து?”

“நோன்புக்கு முதலே தொடங்கின எண்டு ஆஸ்பத்திரியில சொன்னாவாம்.”

ஆலிமா குளிப்பாட்டி முடித்தாள், கபன் துணி சுற்றினாள், எல்லாம் முறையாகவே செய்தாள். பிறகு கிணற்றடியில் போய்க் குந்திக்கொண்டு அழுதாள். ஏன் அவள் இப்படி அழுகிறாள் என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஏழாம் நாள் ஓதும் கத்தத்துக்கு வந்தபோதுதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ‘ஒரு பொம்புள’யின் கதையைச் சொன்னாள்.

இதையெல்லாம் உன் மகளிடம் சொன்னேன். ஒரு தடவை அல்ல, போன நேரமெல்லாம் சொன்னேன். குளிசை உன் உம்மாவைக் கொல்லவில்லை, உன் உம்மா வாயைத் திறக்காததுதான் கொன்றது என்று கத்தினேன். கதிரைக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன், கரும்பலகை ஒன்றுதான் குறை. அவள் கேட்டுக்கொண்டே உடுப்பு மடிப்பாள். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசியில் ஆலிமாவையே கூட்டிக்கொண்டு போனேன். நஸ்ரின் மரியாதையாக இருத்தினாள். வெறும் தேத்தண்ணியும் பணிசும் கொண்டுவந்து வைத்தாள்.

ஆலிமா தேத்தண்ணியைத் தொடவில்லை. “மருந்து குடிக்கிறதும் நமக்கு மார்க்கம்தான், நஸ்ரின்,” என்றாள். “உங்கட உம்மாக்கு நான் சொன்ன சட்டம் பிழையில்ல. ஆனா எனக்கு நித்திர வருதில்ல. இப்ப வகுப்புல ஆர் வந்து ஒரு பொம்புள கேட்டா எண்டு சொன்னாலும், அது நீங்களா எண்டுதான் முதல்ல கேக்கிறன். நீங்களெண்டா வாங்க, நானும் வாறன் ஆஸ்பத்திரிக்கு எண்டு சொல்றன்.”

“எனக்கு உங்களோட ஒரு கோவமும் இல்ல, ஆலிமா,” என்றாள் நஸ்ரின். “தேத்தண்ணி ஆறிப் போகுது, குடிங்க.”

அவ்வளவுதான். ஆலிமா போனதும் எனக்கு வந்த கோபத்தை நீ கண்டிருக்க வேண்டும்.

“எல்லாம் வெளங்குது எண்டுறாய். கோவமும் இல்ல எண்டுறாய். மறுகா என்னத்துக்குகா குடிக்காம இரிக்காய்? செத்துப் போறதுக்கா?”

உன் மகள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு திரும்பினாள். அவள் முகம் அப்படி இருந்து நான் கண்டதில்லை.

“சாச்சி, எனக்கு இப்ப முப்பத்தேழு. ரெண்டு தரம் வயித்துல வந்து தங்காமப் போன. அந்தக் குளிசையக் குடிக்கக்குள்ள புள்ள தரிக்கக் கூடாது எண்டு டொக்டர் சொன்னது உங்கட காதுல உழுந்ததா? வருசக் கணக்காக் குடிக்கணும். முடியக்குள்ள எனக்கு என்ன வயசு? கணக்கு டீச்சர்தானே, கூட்டிப் பாருங்க.”

மனதுக்குள் கூட்டினேன், நாற்பதைத் தாண்டியது.

“உம்மாவ மவுத்தாக்கின குளிசை எண்டு சொன்னா எல்லாருக்கும் வெளங்குது. எனக்கு ஒரு புள்ள வேணும் எண்டு சொன்னா, உசிரு முக்கியமா புள்ள முக்கியமா எண்டு கேப்பீங்க. அதுதான் சொல்லல்ல. வந்த நேரமெல்லாம் உம்மா, உம்மா எண்டுதான் கதைக்கிறீங்க. எண்ட வயித்தப் பத்தி ஒரு சொல்லுக் கேட்டீங்களா சாச்சி?”

இல்லை, ராத்தா. கேட்கவில்லை. இவ்வளவு நாளும் நான் செத்துப்போன உன்னோடு வாதாடிக்கொண்டிருந்திருக்கிறேன். உயிரோடு இருக்கிறவள் எனக்கு முன்னால் நின்று உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அன்று நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் குசினித் தரையில் இருந்து அழுதோம். றிஸ்வி வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டான்.

மறுபடி கிளினிக்குக்குப் போனோம், மூன்று பேருமாய். இம்முறை நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நஸ்ரினே கேட்டாள்.

“டொக்டர், நான் முதல்ல ஒரு புள்ளையப் பெத்துப்போட்டுப் பொறகு குடிக்க ஏலாதா?”

டொக்டர் சுருக்கென்று மறுக்கவில்லை. “நீங்க கேட்டது நல்லது,” என்றாள். “கன பேர் இதைக் கேக்காமலே குளிசையை எறிஞ்சிடுவாங்க. பாருங்க, நோய் திரும்பாமப் பாக்கிறதுக்கு இந்த முதல் வருசங்கள் முக்கியம். அதனால முதல் கொஞ்ச வருசம் குடிப்பம். எல்லாம் நல்லா இருந்தா, இடையில நிப்பாட்டி, மருந்து உடம்பை விட்டுப் போகச் சில மாசம் பொறுத்து, முயற்சி செய்து பாக்கலாம். பிறகு திரும்பத் தொடங்கலாம். அப்படிப் பிள்ளை பெத்தவங்களும் இருக்காங்க. ஆனா உங்களுக்குக் கிடைக்கும் எண்டு நான் வாக்குத் தர மாட்டன், நஸ்ரின். பொய் சொல்லக் கூடாது.”

றிஸ்வி தலையைக் குனிந்துகொண்டு, “டொக்டர் சொல்றதக் கேப்பம்,” என்றான். நஸ்ரின் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் றிஸ்வி முன்னால் நின்றான். நானும் அவளும் பின்னுக்கு இருந்தோம். மாவடிப்பள்ளியைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் வயல் வெட்டிக்கொண்டிருந்தார்கள், மெசின் கிளப்பிய தூசி பஸ்ஸுக்குள் வந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டாள்.

“ஒரு விசயம் கேக்கிறன், சாச்சி. உம்மா மண்டு இல்லியே. நோய் ரத்தம் எண்டு தெரிஞ்சிம் ஏன் போகல்ல? அந்த நோன்பு முடிஞ்சாப் போலயாவது போயிரிக்கலாமே?”

எனக்கு அதற்குப் பதில் தெரியும், ராத்தா. தறாவீஹில் உன் தோளோடு தோள் நின்றவள் நான். சலாம் கொடுத்துவிட்டுக் கையேந்தி நீ என்ன முணுமுணுப்பாய் என்று எனக்குத் தெரியாதா? ஒரு நாள் எனக்கு எரிச்சல் வந்து, வேற துஆவே இல்லையா என்று கேட்டதற்குச் சிரித்தாய். ஆஸ்பத்திரிக்குப் போனால் வார்டில் மறித்துப் போடுவார்கள், நோன்பின் இரவுகள் போய்விடும். அந்த இரவுகள் போனால் உன் வேண்டுதலை வேறு எப்போது கேட்பாய்? பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு, தொழுகைக்குத் தொழுகை ஒழு எடுத்துக்கொண்டு, நின்று கேட்டாய். ஆறு நோன்பும் அதற்குத்தான் பிடித்தாய்.

சொல்வதா, விடுவதா? சொன்னால் அந்தப் பாரத்தை இவள் எப்படித் தாங்குவாள் என்று யோசித்தேன். ஆனால் சொல்லாமல் விட்டதால்தான் நம் வீட்டிலிருந்து ஒரு ஜனாஸா அடக்கத்துக்குப் போனது. சொன்னேன்.

“உனக்குப் புள்ள கேட்டா, மகள். ஒவ்வொரு ராவும். ரப்பே, எண்ட புள்ளட வயித்துல ஒரு புள்ளையத் தா எண்டு. வேற ஒண்டும் கேக்கல்ல. தண்ட நோயக்கூடக் கேக்கல்ல.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காரைதீவுச் சந்தியில் பஸ் திரும்பும்போது, எனக்கு என்று இல்லாமல், பொதுவாகச் சொல்வது போலச் சொன்னாள்.

“உம்மா எனக்குப் புள்ளையக் கேட்டா. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிரிந்தா, எண்ட புள்ளைக்கு உம்மாவ உட்டு வை எண்டு கேக்கச் சொல்லிரிப்பன்.”

நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். முன் சீட்டில் இருந்த மனுசி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

அடுத்த நாள் சுபஹு தொழுதுவிட்டு இருக்கிறேன், கடப்புச் சத்தம் கேட்டது. பெட்டியோடு வந்தாள். என் முன்னால் உடைத்து, ஒன்றை எடுத்து, தண்ணீர் கேட்டு, குடித்தாள். சந்தோசமாகக் குடித்தாள் என்று உனக்கு நான் பொய் எழுதமாட்டேன். வெறுப்போடுதான் குடித்தாள். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. “இத உங்கட ஊட்ட வெச்சிரிங்க, சாச்சி. எண்ட ஊட்ட இரிந்தா எறிஞ்சிருவன்,” என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் வருகிறாள். சில நாள் குடித்த கையோடு போய்விடுவாள். சில நாள் கண் வீங்கியிருக்கும். நான் காரணம் கேட்பதில்லை.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். அவளுக்கு மாதம் பிந்தியதா, முந்தியதா, கூடுதலாய்ப் பட்டதா என்று வீட்டு வளவுக்குள் நின்று சத்தமாகவே கேட்கிறேன். றிஸ்வி கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு ஓடுகிறான். ஓடட்டும். “மெல்லமாக் கேளுங்க சாச்சி, ரோட்டுக்குக் கேக்குது,” என்கிறாள் உன் மகள். ரோட்டுக்கும் கேட்கட்டும். இந்தக் கடிதத்தை எல்லாரும் படிக்கக் கொடுங்கள் என்றவளும் அவள்தான். அவளுக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

அவளுக்குப் பிள்ளை கிடைக்குமா, ராத்தா? எனக்குத் தெரியாது. நோய் திரும்பி வராதா? அதுவும் தெரியாது. நீ இல்லாத பின்னறையில் இப்போது நெல்மூட்டை அடுக்கியிருக்கிறோம். அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் உன் கட்டில் கிடந்த மூலையைத்தான் முதலில் பார்க்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வருகிற நோன்பில் தறாவீஹுக்கு நிற்கும்போது, உன்னுடைய துஆவை நான் கேட்கமாட்டேன். நீ உன் மகளுக்குப் பிள்ளையைக் கேட்டாய். நான் உன் மகளைக் கேட்பேன்.

உன் பிள்ளைக்குச் சாச்சி,
உனக்கு என்றைக்கும் சண்டைக்காரத் தங்கச்சி,
ஹாஜறா